கடைசியில் தொட வேண்டிய திருகு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

அரகண்டநல்லூர் நெல் மண்டிக்காரர் வீட்டு பென்ஸ் காலையில் பட்டறைக்கு வந்தது. 230 இ, 1983ஆம் வருஷத்து வண்டி. அவருடைய அப்பா புதுச்சேரியில் ஒருவரிடம் வாங்கியது. போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை இரண்டு கரையிலும் ஏறிய ராத்திரி, வண்டியை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக் காப்பாற்றிவிட்டார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எடுத்து ஓட்ட ஆளில்லாமல் மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது.

குறை என்னவென்று கேட்டேன். காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் பிடிக்கிறதாம். பிடித்த பிறகு ஐடிலிங்கில் துடிக்கிறது. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் இடறிவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. மைலேஜ் கையைக் கடிக்கிறது.

"மிக்சர் லீனா இருக்குன்னு ஒரு பட்டறையில சொன்னாங்க தம்பி. அந்த ஸ்க்ரூவ ஒரு சுத்து சுத்திவிட்டா சரியாயிடுமாம். நீங்களே பண்ணிடுங்க."

லீனாக இருக்கிறது, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்திருக்கிறது என்பது உண்மைதான். புகைக்குழாயில் கை வைத்தாலே தெரிகிறது. காய்ந்த சூடு, இடையிடையே வெடிப்பு தவறிய துடிப்பு. ஆனால் ஒரு சுற்று என்றதும் எனக்கு நெஞ்சு பகீரென்றது. கார்புரேட்டர் வண்டியில் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று திருகிப் பழகிய கை எல்லாம் இதையும் அதே கணக்கில் பார்க்கிறது. இதில் கால் சுற்று என்பதே பெரிய தூரம். கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவு திருப்பினாலே புகை மீட்டரில் எண் மாறும்.

இந்த வண்டியின் பெட்ரோல் ஏற்பாடு பாஷ் கம்பெனியின் கே-ஜெட்ரானிக். 1973இல் வந்தது. இஞ்செக்‌ஷன் என்று பெயர், ஆனால் கலவையைக் கணக்குப் பார்த்துச் சொல்ல இதில் கம்ப்யூட்டர் இல்லை, இஞ்செக்டருக்கு ஒயர் கூடக் கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தள்ளுகிறது. தட்டின் நெம்புகோல் ஒரு ஊசித் தண்டை மேலே தூக்குகிறது. தண்டு எழும்ப எழும்ப மயிர் போன்ற பிளவுகள் திறந்து நாலு சிலிண்டருக்கும் பெட்ரோல் போகிறது, இடைவிடாமல். அவ்வளவுதான். மண்டிக்காரருக்கு இதைத் தராசு என்று சொல்லித்தான் விளக்கினேன்: ஒரு பக்கம் காற்று அமுக்குகிறது, மறுபக்கம் பெட்ரோலின் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் கலவை தீர்மானமாகிறது. அந்த 3 மில்லி ஆலன் கீ போடும் திருகு, முள்ளைச் சரிசெய்வதற்கு மட்டும். தராசே கோணலாக இருந்தால் முள்ளைத் திருகி என்ன பயன் என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவசரம் என்றால் வேறு இடம் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். "அவசரமில்ல தம்பி" என்றார். நிம்மதி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று முழுக்கக் காற்றுக் கசிவு வேட்டை.

அந்தத் தட்டைத் தாண்டித்தான் எல்லாக் காற்றும் உள்ளே போக வேண்டும். தாண்டாமல் வேறு ஓட்டை வழியாக நுழையும் காற்றுக்குக் கணக்கே கிடையாது. அதற்கான பெட்ரோலை யாரும் ஊற்ற மாட்டார்கள். கார்புரேட்டர் வண்டி சின்னக் கசிவைப் பொறுத்துக்கொண்டு ஓடும். இது பொறுக்காது. எண்ணெய் ஊற்றும் மூடி லூசாக இருந்தால்கூட ஐடிலிங் கெடும்.

முதல் பரிசோதனை அந்த மூடியை வைத்தேதான். எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்தேன். நல்ல நிலையில் இருக்கும் வண்டி உடனே தள்ளாட வேண்டும். இது அசரவே இல்லை. அதாவது, ஏற்கெனவே வேறு எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது, இன்னொரு ஓட்டை சேர்ந்ததில் வித்தியாசம் தெரியவில்லை.

பட்டறைப் பையனை கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக லேசாக அடிக்கச் சொன்னேன். எஞ்சின் நல்ல சூடாவதற்கு முன், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டாவது, மூன்றாவது இஞ்செக்டர் அடியில் அடித்ததும் ஐடிலிங் ஏறியது.

"அண்ணா, ஏறுது! இங்கதான்!"

இஞ்செக்டர்களைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்களை நெம்பி எடுத்தேன். நாலும் கல். விரலால் அழுத்தினால் ஒன்று பொரி மாதிரி நொறுங்கிப் போனது. நாற்பது வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. அதைவிடப் பெரியது தட்டின் வீட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பூட். மேலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது. முழுக்கக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பிதுக்கினால், மடிப்புக்குள் விரல் நீளத்துக்கு விரிசல். எஞ்சின் இழுக்கும்போது திறந்துகொள்கிறது, நிறுத்தினால் மூடிக்கொள்கிறது. பாலத்து ஏற்றத்தில் இடறியது இதனால்தான் என்று கிட்டத்தட்ட உறுதி.

பூட்டுக்குச் சென்னைக்குச் சொல்லியாயிற்று. புதுப்பேட்டையில் ஒருவரிடம் புதிது இருக்கிறதாம், பழையது வேண்டாம் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். வளையங்களை விழுப்புரத்தில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் அளவு கொடுத்து வைட்டானில் எடுத்துவிடலாம். சாதாரண நைட்ரைல் ரப்பர் மலிவு. ஆனால் இப்போதைய பெட்ரோலுக்கு எது தாங்கும் என்று பார்த்துத்தான் போட வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேப்பரைத் திறந்தால் இந்த வாரம் முழுக்க இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய சண்டை. பழைய வண்டி கெட்டுப்போகும் என்று ஒரு பக்கம், ஒன்றும் ஆகாது என்று பெட்ரோலிய அமைச்சகம் மறுபக்கம். இந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று நானே பார்த்துவிடுவது நல்லது.

பள்ளிக்கூட லேபில் இருக்குமே, 100 மில்லி கண்ணாடி அளவுக் குடுவை, அது ஒன்று பட்டறையில் உண்டு. அதில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, நிழலில் வைத்து அடங்க விட வேண்டும். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும். பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். அடியில் இருக்கும் தண்ணீர்க் கோடு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எத்தனால்.

டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலில் கோடு 18இல் நின்றது. பழைய பெட்ரோல், பத்து சதவீதக் காலத்து மிச்சமாக இருக்கலாம். பங்கில் இன்று காலை பிடித்து வந்ததில் 27ஐத் தாண்டியது. கணக்கு: 90இல் இருபது சதவீதம் 18, தண்ணீர் 10, சேர்த்து 28. சரியாக இருக்கிறது. பையன் குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு கலக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாதாம்.

இதில் கலவைக்கு என்ன வந்தது? வெறும் பெட்ரோல் முழுசாக எரிய, எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனை அதுவே சுமந்துகொண்டு வருகிறது. இருபது சதவீதம் கலந்தால் 13.5 வாக்கில் வந்து நிற்கும். அதே காற்றுக்கு அதே அளவு பெட்ரோல் ஊற்றினால், கலவை எட்டு சதவீதம் போல மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் காலத்து வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் இஞ்செக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும். 1976இல் வோல்வோ வண்டியில் முதன்முதலாக வந்த அந்த சென்சார் இந்த பென்ஸில் இல்லை. தட்டு சொன்னதுதான் கணக்கு. ஆகவே ஜெர்மனியில் 1983இல் சரியாக வைத்த கலவை, 2025இல் திருக்கோவிலூர் பெட்ரோலுக்குச் சரியில்லை. வண்டியில் பழுதே இல்லாமல் இருந்தாலும் சரியில்லை.

மாலையில் மண்டிக்காரர் வந்தார். குடுவையைக் காட்டினேன். அவருக்குப் பெரியசெவலை பக்கம் கரும்பு இருக்கிறது, செங்கல்ராயன் கூட்டுறவு ஆலைக்குத்தான் வெட்டி அனுப்புகிறார். "அப்போ நாம போடுறதுதான் சுத்திச் சுத்தி இதுக்குள்ள வருதா?" என்றார். கரும்புச் சாறு, ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், உடைந்த அரிசி, மக்காச்சோளம் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள் என்றேன். கரும்பும் சோளமும் நெல்லும் நம் மாவட்டத்தில் விளையாததா. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று ஆலைகளைச் சுற்றி வாழ்கிற ஊர்க்காரர்கள் நாம். எத்தனால் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வராது, கரும்பு பாக்கிப் பணம் வராமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு வெறும் பெட்ரோலும் ஒரு பம்பில் கிடைக்கும்படி விட்டிருக்கலாம். அந்த நியாயத்தை யாராவது கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி நாலாம் வெள்ளி. தெருவில் கூழ் ஊற்றினார்கள், மதியத்தோடு பட்டறையை மூடினேன். காலையில் டேங்கை முழுக்க வடித்து, அடியில் கொஞ்சம் தண்ணீரும் துருவும் கிடந்ததை எடுத்தாயிற்று. ஃபில்டர் புதிது. பூட் வந்து சேர்ந்தது, புதிதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

பூட்டும் வளையங்களும் மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்தேன். எண்ணெய் மூடியைத் திறந்தால் இப்போது எஞ்சின் உடனே தள்ளாடுகிறது. மூடினால் நிமிர்கிறது. திருகைத் தொடாமலேயே பாதி வண்டி சரியாகிவிட்டது.

அடுத்து அழுத்தம். இதைப் பார்க்காமல் கே-ஜெட்ரானிக் வண்டியில் கலவையை யார் சரிசெய்தாலும் அது குருட்டு வேலை. பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில் மீட்டரை மாட்டினேன். பம்ப் தரும் மொத்த அழுத்தம் 5 பாருக்கு மேல் நிற்கிறது, நல்லது. பார்க்க வேண்டியது மற்றொன்று: ஊசித் தண்டின் தலைமேல் உட்கார்ந்து காற்றை எதிர்க்கிற கட்டுப்பாட்டு அழுத்தம். ரெகுலேட்டருக்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்தப் பட்டை வால்வைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். எதிர்ப்பு குறைவதால் தட்டு அதிகம் நகரும், பெட்ரோல் கூடும். கரண்டிலும் எஞ்சின் சூட்டிலும் பட்டை வளைந்து விலக, அழுத்தம் மெல்ல ஏறும், பெட்ரோல் குறையும். சோக் செய்யும் வேலையை இது பார்க்கிறது.

காலையில் மீட்டர் முள் எடுத்த எடுப்பில் 2.8இல் இருந்தது. நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், இருந்தாலும் இது அதிகம். ரெகுலேட்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பொடி சல்லடை துருவால் அடைந்திருந்தது. நிற்கும் வண்டியில் டேங்க் அடித் தண்ணீர் செய்த வேலை. சல்லடையைச் சுத்தம் செய்து மாட்டியதும் குளிர் அழுத்தம் 1.9க்கு இறங்கியது. செல்ஃப் இரண்டு சுற்று சுற்றியதுமே பிடித்துக்கொண்டது. பையன் கைதட்டினான்.

சூடானதும் 3.6. புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே சரி. அங்கேதான் யோசனை வந்தது.

ஆலன் கீ திருகின் பலன் ஐடிலிங்கில் மிக அதிகம், வேகம் கூடக் கூடக் குறையும். எத்தனாலால் வருகிற மெலிவோ எல்லா வேகத்திலும் ஒரே விகிதம். திருகை மட்டும் வைத்து அதை ஈடுகட்டினால், நிற்கும்போது செழிப்பாகவும் ஏற்றத்தில் மெலிவாகவும் இருக்கும். ஏற்றத்தில் மெலிந்த கலவை வால்வைச் சுடும். எல்லா வேகத்துக்கும் சேர்த்துச் செழிப்பாக்க வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். தட்டு நகரும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 3.6ஐ 3.3 ஆக்கினால் நாலு சதவீதத்துக்கு மேல் பெட்ரோல் கூடும். முழு எட்டையும் ஈடுகட்ட 3.1க்குப் போக வேண்டும். பாதியில் நிற்பது என்று முடிவெடுத்தேன். இந்த எஞ்சின் கொஞ்சம் மெலிவைத் தாங்கும், நாளைக்கே வெளியூரில் பத்து சதவீத மிச்சம் கிடைத்தாலும் புகையாமல் ஓட வேண்டும்.

ரெகுலேட்டர் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மயிரிழை தளர்த்தினேன். மாட்டி, சூடாக்கி, மீட்டர் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி. இருட்டும்போது முள் 3.3இல் நின்று அசையாமல் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலு சிலிண்டருக்கும் சமமாகப் பெட்ரோல் போகிறதா என்று பார்க்கும் நாள். எனக்கு மிகவும் பிடித்த வேலை.

நாலு இஞ்செக்டரையும் பிடுங்கி, பைப்போடு நாலு ஒரே மாதிரியான டானிக் பாட்டிலுக்குள் விட்டேன். இக்னிஷன் ஒயரைக் கழற்றியாயிற்று, பேட்டரிப் பக்கம் யாரும் போகக்கூடாது, பக்கத்து வெல்டிங் கடைக்காரரிடம் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, தட்டை விரலால் மெதுவாக அமுக்கினேன்.

அமுக்க அமுக்க நாலு முனையிலும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு கீச்சு ஒலி. இஞ்செக்டர் ஊசி வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது, அந்த அதிர்வுதான் பெட்ரோலைப் புகையாகச் சிதறடிக்கிறது. முதல் மூன்றும் அழகான கூம்பு. நாலாவது கூம்பு போடவில்லை, ஒரு பக்கமாகக் கம்பி போல் பீய்ச்சியது. தட்டை விட்ட பிறகும் முனையில் சொட்டு கட்டி நின்றது. பாட்டில்களை வரிசையாக வைத்துக் கோடு பார்த்தால் அளவில் நாலும் ஏறக்குறைய சமம். அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் நன்றாக இருக்கிறது, இஞ்செக்டர் ஒன்றுதான் கெட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் கெட்டிருந்தால் மண்டிக்காரருக்கு ஒரு போக நெல் பணம் போயிருக்கும்.

சொட்டும் இஞ்செக்டரை வைத்துக்கொண்டு கலவை சரிசெய்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்குவதே இல்லை. புகைக்குழாய் நாலு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும். ஒன்று வழிந்து, மூன்று காய்ந்துகொண்டிருந்தாலும் மீட்டரில் எண் அழகாக வரும். நாலாவது பிளக் கருப்பாகவும் மற்ற மூன்றும் சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்ததை முதல் நாளே பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். காரணம் இன்று கண்ணில் பட்டது.

இஞ்செக்டரைச் சுத்தம் செய்து பார்த்தேன், தேறவில்லை. ஒன்று மட்டும் மாற்றினால் போதுமா என்று மண்டிக்காரர் போனில் கேட்டார். நாலையும் மாற்றச் சொன்னேன். மற்ற மூன்றும் அதே வயது. ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

புது இஞ்செக்டர்கள், புது பிளக், டைமிங் பார்த்தாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. இனிமேல் தொடலாம்.

பட்டறையில் புகை மீட்டர் கிடையாது. எமிஷன் டெஸ்ட் எடுக்கும் நண்பரிடம் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் கொண்டுபோனேன். எஞ்சினை நல்ல சூட்டுக்குக் கொண்டுவந்து, புகைக்குழாயில் கம்பியைச் செருகினோம். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம். ஹைட்ரோகார்பன் 600 பக்கம் ஆடுகிறது. அரசாங்கக் கணக்குக்கு இந்த வயது வண்டி 3 சதவீதம், 1500 வரை போகலாம்; சர்டிஃபிகேட் தாராளமாகக் கிடைக்கும். "பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் என்னா?" என்றார் நண்பர். பாஸ் ஆவது வேறு, எஞ்சின் சந்தோஷமாக ஓடுவது வேறு. கார்பன் மோனாக்சைடு இவ்வளவு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் ஆடினால், கலவை மெலிந்து சில வெடிப்புகள் தவறுகின்றன. எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது.

ஐடிலிங்கில் 1 சதவீதத்தை ஒட்டி வைப்பதுதான் என் இலக்கு. நீளமான 3 மில்லி ஆலன் கீயைத் துளைக்குள் இறக்கி, திருகின் தலையைத் தேடிப் பிடித்தேன். வலப்பக்கம் திருப்பினால் செழிப்பு, இடப்பக்கம் மெலிவு. கடிகாரத்தில் ஒரு நிமிட அளவு வலம். உடனே கீயை வெளியே எடுத்துவிட வேண்டும். கீ உள்ளே இருக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் நெம்புகோல் கீயில் மாட்டி வளைந்துவிடும். அந்தப் பாவத்தைச் செய்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. கீயை எடுத்து, துளையை மூடி (திறந்திருந்தால் அதன் வழியாகவும் காற்று கசியும்), ஒரு முறை ரேஸ் கொடுத்து விட்டு, மீட்டர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். 0.6. மறுபடி ஒரு பொடி அசைவு. 0.9. இன்னும் பாதி. 1.1இல் நின்றது. ஹைட்ரோகார்பன் 250க்கு இறங்கி, ஆடாமல் நின்றது. ஐடிலிங் 800இல் கம்பி போல இருக்கிறது.

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "பெட்ரோல்ல எத்தனால் இருக்குறது மீட்டருக்குத் தெரியுமாண்ணா?" தெரியாது, தெரியவும் வேண்டாம். வெந்து வெளியே வந்ததை வைத்துத்தான் மீட்டர் பேசுகிறது. கார்பன் மோனாக்சைடு 1 சதவீதம் என்றால் காற்று இவ்வளவு பற்றாக்குறை என்று பொருள், உள்ளே ஊற்றியது எதுவாக இருந்தாலும். சுற்றுக் கணக்கு, காது, மூக்கு இதையெல்லாம் நம்பித் திருகியவர்கள் பெட்ரோல் மாறியதும் தடுமாறிப் போனார்கள். புகையை அளந்து வைத்தவனுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. காதும் வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காது சொல்வதை மீட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். கல்வராயன் மலைக்கு ஓட்டிப் பார்த்தோம். மண்டிக்காரர் முன்னால், பையன் பின்னால், வண்டி என் கையில்.

ரிஷிவந்தியம், தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வரை சமவெளி. மூன்றாவது கியரில் மெதுவாக இறக்கி, பாதி ஆக்சிலேட்டரில் பிடித்துப் பார்த்தேன். மெலிந்த கலவையாக இருந்தால் இந்த இடத்தில்தான் வண்டி முன்னும் பின்னும் இழுத்து இழுத்து விடும். அது இல்லை. கச்சிராயபாளையத்தில் டீ. கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது.

மலையில் இந்த ஏற்பாடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் வாக்கில் காற்று மெலியும். தட்டு காற்றின் எடையைப் பார்ப்பதில்லை, தள்ளும் விசையைத்தான் பார்க்கிறது. அதனால் காற்று எவ்வளவு மெலிகிறதோ, அதில் பாதி அளவு கலவை செழிக்கும். உயரத்தைப் பார்த்து ஈடுகட்டும் ரெகுலேட்டர் சில வண்டிகளில் உண்டு, இதில் இல்லை. நான் 3.1க்குப் போகாமல் 3.3இல் நின்றதற்கு இந்த மலையும் ஒரு காரணம். முழுசாக ஈடுகட்டியிருந்தால் வெள்ளிமலையில் புகை கக்கிக்கொண்டு நின்றிருக்கும்.

கொண்டை ஊசிகளில் இரண்டாவது கியரில் முழு மிதி. இடறல் இல்லை, சூட்டு முள் ஏறவில்லை, நாக்கிங் சத்தம் துளியும் இல்லை. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அந்த நன்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. மேலே போய் நிறுத்தி, எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் முதல் பிளக்கையும் நாலாவது பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம். பீங்கானில் வெளிர் பழுப்பு, கருப்பும் இல்லை, சுண்ணாம்பு வெள்ளையும் இல்லை. மண்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா இருந்திருந்தா ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் தம்பி, இதைப் பத்தியே பேசிட்டிருந்திருப்பார்" என்றார்.

இறங்கும்போது அவரே ஓட்டினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வண்டியை ஒப்படைத்தேன். டேங்கிலிருந்து எஞ்சின் வரை ரப்பர் ஓஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றியாயிற்று. திருகின் துளைக்குப் புது மூடி அடித்து, மேலே சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு. யாராவது திறந்தால் தெரியும்.

மைலேஜ் பழையபடி வருமா என்று கேட்டார். வராது என்று நேராகவே சொன்னேன். எத்தனாலில் சூட்டுச் சக்தி குறைவு. நிதி ஆயோக் 2021இல் போட்ட அறிக்கையிலேயே, வெறும் பெட்ரோலுக்கென்று செய்து பத்து சதவீதத்துக்குச் சரிசெய்த காருக்கு இ20இல் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் போன மாதம் வரை அவர் இழந்துகொண்டிருந்தது அதைவிட மிக அதிகம், அது மிச்சம்.

எழுதிக் கொடுத்தது: வண்டியை வாரம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், காலி டேங்கில் ஈரம் சேர்ந்தால் எத்தனால் அதை உறிஞ்சி அடியில் பிரித்துப் போட்டுவிடும். பழைய டேங்கின் அழுக்கை இந்தப் பெட்ரோல் கழுவிக்கொண்டு வரும், ஆகவே 500 கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்ற வர வேண்டும். அன்றைக்கே மீட்டரில் ஒரு முறை பார்த்துவிடலாம். பங்கில் மறுபடி கலப்பு விகிதம் மாறினால் உடனே கொண்டுவர வேண்டும், குடுவையும் தண்ணீரும் பட்டறையில் தயாராக இருக்கும்.